அலாரம் அவருடைய போனுக்குத்தான் வந்தது

புலம்பெயர்ந்து வந்த வோபர்னில் ஒரு வீட்டு பேஸ்மென்ட்டில் நானும் பன்னிரண்டு வயது மகளும் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்கார அண்ணை, கோயில் மண்டபக் கூட்டங்களில் தவறாமல் மைக் பிடிப்பவர்.

பலத்த மழை என்று காலையிலேயே என் போனில் எச்சரிக்கை வந்திருந்தது. எங்கள் தரையில் இருந்த வடிகால் வழியாகச் சாக்கடை மேலே வரும் என்று அது சொல்லவில்லை. நான் வேலையில் இருந்தேன். தூங்கி எழுந்த மகளால் தண்ணீர் அழுத்திய கதவைத் திறக்க முடியவில்லை. சின்ன ஜன்னலை உடைத்து வெளியே வந்தாள். கையில் தையல் போட்டார்கள்.

வடிகாலில் தண்ணீர் ஏறினால் அண்ணையின் போனில் அலாரம் அடிக்கும் கருவி ஒன்று இருந்தது. அன்று அவர் பக்கத்து ஊர் விட்பியில் ஒரு பிறந்தநாள் விழாவில். திரும்பி வந்ததும் கேட்டேன்.

"அண்ணை, உங்களுக்கு அலாரம் வரேல்லையோ?"

"வந்தது பிள்ளை. உது சும்மாவும் அடிக்கிறது எண்டு நிப்பாட்டிப்போட்டன்."

"எனக்கொரு கோல் எடுத்திருக்கலாமே?"

"பார்ட்டிக்குள்ளை நிண்டனான்."

மில்லிக்கனில் இரண்டாம் மாடி வீடொன்றுக்கு மாறி, இதை நாலு பேர் முன்னால் கேட்கும் நாளுக்குக் காத்திருந்தேன்.

அந்த ஆண்டே ஊரில் வெள்ளம் வந்தது. வன்னியில் தங்கையின் வீடு குளத்துக்குக் கீழே. குளத்து நீரை வெளியேற்றும் வான்கதவைத் திறக்குமுன் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஒழுங்கை ஒழுங்கையாகச் சொன்னார்களாம். பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தப்பினாள். மலைநாட்டில் அப்படிச் சொல்ல ஆளில்லாமல் மண்சரிவில் புதைந்து போனவர்களும் உண்டு.

இங்கே கோயில் மண்டபத்தில் நடந்த நிவாரணக் கூட்டத்தில் அண்ணை பேசினார். "அங்கை ஒரு வோர்னிங் சிஸ்டமும் இல்லை. இங்கை பாருங்கோ, மழைக்கு முதலே போன் சொல்லிப்போடும்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"என்ரை தங்கச்சிக்கு ஓட்டோவிலை வந்து சொன்னவை. உங்களுக்குப் போன் சொன்னது. கீழை கிடந்த என்ரை பிள்ளைக்கு நீங்கள் சொல்லேல்லை."

"உதை இங்கையோ கதைக்கிறது?"

"இங்கைதான் அண்ணை." மகளின் கையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன்.

முன்வரிசையிலிருந்து அவர் மனைவி கேட்டார்: "அலாரம் வந்ததெண்டு எனக்கும் சொல்லேல்லையே?"

அவர் மைக்கை வைத்துவிட்டு இறங்கினார். பிறகு யாரும் அவரைப் பேசக் கூப்பிடவில்லை. மனுஷன் வெளியிலேயே வருவதில்லை, போய் ஒரு வார்த்தை பேசு என்று ஓர் அன்ரி சொன்னார்.

"வெட்கப்படட்டும் அன்ரி," என்றேன். அன்று வயிறாறச் சாப்பிட்டேன்.