குறுக்களவு மட்டும் போதாது

தச்சரின் மனைவி கணக்கில் மூன்று முறை தோற்று, நாற்பத்தொன்றாம் வயதில் நான்காம் முறையாகப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பட்டறையில் கணவர் ஜன்னல் சட்டத்தைப் பசை தடவிப் பூட்டி, மூலைக்கு மூலை குறுக்காக அளந்தார். "ரெண்டும் சமம். சட்டம் சரியா நிக்குது" என்றார்.

அவள் நோட்டோடு ஓடிவந்தாள். "ஏங்க, பசை காயறதுக்குள்ள இதப் பாருங்க. மேல்பக்கம் குட்டை, கீழ்ப்பக்கம் நீளம், சாய்ஞ்ச பக்கம் ரெண்டும் சமம். இந்தச் சரிவகத்துக்கும் குறுக்களவு ரெண்டும் சமம்தான். நிரூபிச்சுட்டேன்."

"முப்பது வருஷமா இப்படித்தான் அளக்கறேன். ஒரு ஜன்னலும் என்னைக் காட்டிக்கொடுக்கல."

"அது நிரூபணம் இல்லீங்க, அதிர்ஷ்டம். எதிரெதிர்ப் பக்கத்தை அளந்தீங்களா?"

அளக்கவில்லை. வடிவியல் சோறு போடுமா என்று மூன்று வருடமாகக் கேட்டுவந்தவர், அவள் வாயை அடைப்பதற்காகவே டேப்பை நீட்டினார். மேற்கட்டை அரை அங்குலம் குறைந்திருந்தது.

மரச்சுத்தியலான கொட்டாப்புளியை எடுத்துச் சட்டத்தைத் தட்டிப் பிரித்தார். நல்லவேளை, பசை இறுகவில்லை.

"பரீட்சை என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"கட்டையை நான் பாத்துக்கறேன். நீ போய்ப் படி. பாடத்துல கதவைப் பத்தி ஏதாவது வந்தா மட்டும் கூப்பிடு, நானும் கேட்டுக்கறேன்."