கடதாசி வேண்டாம் என்ற பெருந்தன்மை

கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாங்கிய வீட்டோடு கீழ்வீட்டுக் குடும்பமும் சேர்ந்தே வந்தது. ஒரு முஸ்லிம் தம்பதி, ஒரு சின்ன மகள். எட்டு வருடமாக வாடகைக்கு இருந்தும் எழுத்தில் ஒன்றும் இல்லை. வீட்டு உறுதிப் பத்திரத்தை எழுதி முடித்த நொத்தாரிசு, "முதல் வேலையா இவையோட ஒரு ஒப்பந்தம் எழுதுங்கோ" என்றார். என் கணவரும் தலையாட்டினார். நான்தான் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் நேரே போய், "எங்களுக்குள்ள என்னத்துக்குக் கடதாசி? முந்தின மாதிரியே இருங்கோ" என்றேன். அவள் கொஞ்சம் தயங்கி, "சரி டீச்சர்" என்றாள். அந்தத் தயக்கத்தை நன்றி என்று எடுத்துக்கொண்டேன். நாங்கள் குடியிருந்த வெள்ளவத்தைக்குத் திரும்பும் வழியெல்லாம் என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே உச்சி குளிர்ந்தது.

அவர்கள் அருமையான மனிதர். மழைக்காலம் தொடங்குமுன் அவளுடைய கணவர் தானே இறங்கி மழைத்தண்ணீர் ஓடும் கானைத் துப்புரவாக்கிவிடுவார். அந்த வீட்டுக்குள் தண்ணீர் வராததற்கு அவர்தான் காரணம்.

இரண்டு வருடம் கழித்து, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அவள் அழைத்தாள். வெயிலுக்குப் பயந்து அடுத்த கிழமை போகலாம் என்றிருந்தேன். பிறகு என்ன நினைத்தேனோ, அன்றே பஸ் ஏறிவிட்டேன்.

உள்ளே நுழைந்தால், கட்டிலில் ஒரு பை. சின்னச் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கே பயணம் என்றேன்.

"மகள மாளிகாவத்தைல என்ட வாப்பாட வீட்ல உடப்போறோம் டீச்சர். எங்கட பேர் இன்னும் அங்கதான் வாக்காளர் லிஸ்ட்ல ஈக்கி. இங்க ஈக்கிறதுக்குக் கடதாசி இல்லாததால, ஸ்கூல்ல சேக்க அந்த விலாசத்தத்தான் குடுக்கோணும். ஸ்கூலால வந்து பாத்தா புள்ள அங்க ஈக்கோணுமே."

"நீங்களும் போறீங்களோ?"

"அங்க எல்லாருக்கும் எடமில்ல. இவர்ட கடையும் இங்கதானே." சட்டையைத் தடவிக்கொண்டே சொன்னாள். மகளுக்கு அப்போதுதான் நாலு வயது.

"ஏன் என்னட்டக் கேக்கேல்ல?"

"நீங்க மொதல் நாளே கடதாசி தேவல்லண்டு சொன்னீங்க. திரும்பக் கேட்டா, வீட்டப் புடிக்கப் போறோமோண்டு நெனப்பீங்கண்டு பயம்."

யாராவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்னை ஏசியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் நான். முதலாம் வகுப்பு நேர்முகத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து எத்தனை தாய்மாரிடம் "வீட்டு ஒப்பந்தம் எங்க?" என்று கேட்டிருப்பேன்! வீட்டுக்காரர் தரமாட்டேன் என்கிறார் என்று அழுத ஒருத்தியிடம், "அது உங்கட பிரச்சினை" என்று சொன்னதும் நினைவில் இருக்கிறது. அந்த வீட்டுக்காரரை அன்றைக்கு மனதுக்குள் திட்டவும் செய்தேன்.

அங்கிருந்தே கணவருக்கு அழைத்து, நொத்தாரிசிடம் நேரம் எடுக்கச் சொன்னேன். "ரெண்டு வருசமா நான் சொல்லேக்க கேக்காம..." என்று சிரித்தபடி தொடங்கினார். "பிறகு சிரியுங்கோ, இப்ப எடுங்கோ" என்று வைத்துவிட்டேன்.

ஐந்து வருடத்துக்கு எழுதினோம். அவர்கள் பெயரை வாக்காளர் இடாப்பில் போடுவதற்கும் கையெழுத்து வைத்தேன். பின்னால் அவர்களை வீட்டைவிட்டு எழுப்புவது கஷ்டம் என்று நொத்தாரிசு எச்சரித்தார். எழுப்புகிற எண்ணம் இல்லை என்றேன். அவள் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்தாள். தங்கள் பெயர் வந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

பள்ளி விண்ணப்பத்துக்கு இன்னும் காலம் இருந்தது. அந்தப் பை மாளிகாவத்தைக்குப் போகவேயில்லை. அடுத்த முறை போனபோது சின்னச் சட்டைகள் கொடியில் காய்ந்தன. மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துப்போய், "டீச்சர், இப்ப ஒழுகுதில்ல" என்று குழாயைக் காட்டினாள். அது ஒழுகியதற்கு நான் கடவுளுக்கு எத்தனை தரம் நன்றி சொல்லியிருப்பேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்!