ஹியூம் நெடுஞ்சாலையில் பருப்பும் கீரையும்

போன கிழமை பக்கத்து வீட்டுக் கஜன் வந்து, கேரம் டவுன்ஸ் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு இங்கே சிட்னியிலிருந்து மெல்பேர்ண் போவதாகச் சொன்னான். காரில்தான் போகிறார்களாம். வழியில் எங்கே சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன்.

"விடிய வெளிக்கிட்டா ஒரே ஓட்டம்தான் அன்ரி. வழியிலை சாப்பிட ஒண்டும் இல்லைத்தானே. பெற்றோல் அடிக்கிற இடத்திலை ஒரு பேர்கர் வாங்கினாக் காணும்."

"ஓம், போயிட்டு வாங்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பிறகு குசினிக்குள் போய், யாரோ கேட்டதுபோல ஒரு கறிக்கு வேண்டியதைவிட நாலு மடங்கு வெங்காயம் வெட்டிவிட்டேன். கஜனில் ஒரு பிழையும் இல்லை. அவன் பிறக்கும் முன்னரே தொடங்கிய கோபம் இது. இன்றைக்கு உங்களிடம் இறக்கிவைக்கலாம் என்று பார்க்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. நான் ஒரு ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். என் கணவருக்கு மெல்பேர்ணில் பொறியாளர் வேலை கிடைத்தது. இருந்த சாமான் எல்லாவற்றையும் ஒரு பழைய ஹோல்டன் காரில் அடைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை வெளிக்கிட்டோம். வழிக்கென்று நான் புட்டு அவித்து, சம்பலோடு கட்டி எடுத்திருந்தேன். அது மாசி மாதம், இந்த நாட்டில் கடும் கோடை என்பதும், கார்க் கண்ணாடிக்குப் பின்னால் புட்டு என்ன ஆகும் என்பதும் பட்டதாரியான எனக்குத் தோன்றவில்லை. மதியத்துக்குள் பொட்டலத்தைத் திறந்த இவர் (பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, இவர் என்றால் என் கணவர்தான்) முகர்ந்து பார்த்து அதை மூடி ஒரு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். அப்படித்தான் நாங்கள் வழிக் கடைகளில் சாப்பிடத் தொடங்கினோம்.

சிட்னியிலிருந்து மெல்பேர்ண் போகும் ஹியூம் நெடுஞ்சாலை அந்த நாளில் ஊர்களுக்கு நடுவால்தான் போகும். தேவாலயம், தபால் கந்தோர், வங்கி, பிறகு ஒரு கடைத்தெரு. ஒவ்வொரு கடைத்தெருவிலும் ஒரு பேக்கரி. ஒரு ஊரில் பிளம்ஸ் பழத்தைக் கடதாசிப் பையில் அள்ளித் தந்தார்கள். இன்னோர் ஊரில் மில்க் ஷேக்கை நுரையோடு அலுமினியக் குவளையில் வைத்தார்கள். கிளாசில் ஊற்றிய பிறகும் குவளையில் பாதி மிச்சம் இருந்தது. அதையும் எனக்கென்று விட்டுப்போனார்கள். அந்தப் பாதிக் குவளைக்காகவே இந்த நாட்டை மன்னித்துவிடலாம் என்று நினைத்தேன். நான் லேசாக மன்னிக்கிற வயதில் இருந்தேன்.

அன்று பின்னேரம் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை. இனிப்பும் புளிப்புமாக ஏதோ மீன், அதற்குப் பக்கத்தில் வெண்ணெய் பூசிய வெள்ளைப் பாண். சீனச் சாப்பாட்டுக்குப் பாண் என்ன கணக்கு என்று விளங்காமல், மிளகாய் இருக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் எங்களை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போய், உப்பில் ஊறிய மிளகாய்ப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இது எங்கள் வீட்டுக்கு. மேசைக்கு வைப்பதில்லை, கேட்க ஆளில்லை" என்றார்.

ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்த பெவ், புறப்படும் முன் எனக்கு ஒரு கட்டளை போட்டிருந்தாள். "சிட்னிச் சாப்பாட்டை வைத்து எங்களைக் குறை சொல்லாதே. நாட்டுப்புற ஹோட்டலில் ஞாயிறு மதியம் ஆட்டிறைச்சி ரோஸ்ட் சாப்பிடு, பிறகு பேசு." இங்கே ஹோட்டல் என்றால் கீழே மதுக்கடை, மேலே அறைகள், ஒரு பக்கத்தில் சாப்பாட்டுக் கூடம். மாட்டிறைச்சி எங்களுக்கு ஆகாது, ஆட்டிறைச்சிக்குத் தடையில்லை. அதனால் மறுநாள் மதியம், ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், ஒரு ஹோட்டல் வாசல் கரும்பலகையில் ரோஸ்ட், பூசணி, புதினாச் சாறு என்று எழுதியிருந்ததைக் கண்டதும் காரை நிறுத்தச் சொன்னேன். நல்ல சேலையை எடுத்து, காருக்குள்ளேயே ஒருவாறு மாற்றிக்கொண்டேன். பெவ்வுக்கு மரியாதை.

கூடத்தில் பாதி மேசைகள் வெறுமையாக இருந்தன. வெள்ளை விரிப்பும் கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்தபடி. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வாசலுக்கு வந்து வழியை மறித்தாற்போல் நின்றார்.

"சாப்பாடு முடிந்துவிட்டது."

அவருக்குப் பின்னால் ஒரு பெண் ஆவி பறக்கும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த நேரம் பார்த்து எங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்தது. தகப்பன், தாய், தொப்பி போட்ட இரண்டு பெண் பிள்ளைகள். கழுத்துப்பட்டிக்காரர் அவர்களை உள்ளே விட்டார்.

"அவர்கள் எங்களுக்குப் பிறகு வந்தவர்கள்" என்றேன்.

"அவர்கள் முன்பதிவு செய்தவர்கள்."

அந்தத் தகப்பன் திரும்பிப் பார்த்து, "இல்லையே, நாங்கள் பதிவு செய்யவில்லையே" என்றான். வெகுளியாகத்தான் சொன்னான். சொன்ன பிறகு அவனுக்கு விளங்கியது. முகம் சிவந்தது. என்னைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்து மேசையிலிருந்த துவாலையை விரித்து மடியில் போட்டுக்கொண்டான். கழுத்துப்பட்டிக்காரனில் எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம். துவாலை விரித்தவனில் வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

இவர் என் முழங்கையைப் பிடித்தார். "வாரும். வேண்டாம், போவம்."

தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கஃபே இருந்தது. நடத்தியவர்கள் கிரேக்கர்கள், பீட்டரும் ஸ்டெலாவும். சுடுதட்டில் சமைத்துக்கொண்டு நின்றவர் பீட்டர். கண்ணாடிக்குப் பின்னால் நின்று நாங்கள் ஹோட்டலுக்குள் போனதையும் போன வேகத்தில் வெளியே வந்ததையும் பார்த்தவள் ஸ்டெலா. அவளுடைய ஆங்கிலம் துண்டு துண்டாக வரும். நான் சேர்த்துத் தருகிறேன்.

"அங்கே சாப்பாடு முடிந்துவிட்டது என்றானா?"

"ஓம்" என்றேன். தமிழிலேயே சொன்னேன் போலிருக்கிறது. அவளுக்கு விளங்கியது.

மாடு வேண்டாம் என்றோம். பீட்டர் தலையைச் சொறிந்தார். அவருடைய சாப்பாட்டு அட்டையில் இருந்ததெல்லாம் மாட்டு ஸ்ரேக், மாட்டு சொசேஜ், மாட்டு மின்ஸ். முட்டையும் தகரத்தில் அடைத்த பீற்றூட்டும் வைத்துப் பாண் தரலாம் என்றார். அப்போதுதான் உள்ளே தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து வெங்காயமும் பூண்டும் எண்ணெயில் வதங்கிய வாசம் வந்தது. யாழ்ப்பாணத்து வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து முன்பின் தெரியாத இடத்தில் அப்படி ஒரு வாசம் எனக்கு வந்ததில்லை.

"அது என்ன?" என்று கேட்டேன்.

"அது எங்களுக்கு. விற்கிறதில்லை. இந்த ஊரில் யாருக்கும் பிடிக்காது" என்றவள், பிறகு திரையைத் தூக்கிப் பிடித்தாள்.

உள்ளே ஒரு சின்ன மேசை. பெரிய கோப்பைகளில் பருப்பு வைத்தாள். மைசூர்ப் பருப்பின் கறுத்த தமையன் போல ஒரு பருப்பு, வினாகிரி விட்டு, மேலே ஒலிவ் எண்ணெய். பக்கத்தில் எலுமிச்சம் புளி பிழிந்த கீரை. ரயில் பாதை ஓரமாகத் தானே பிடுங்கிவருவதாகச் சொன்னாள். "நான் குனிந்து பிடுங்கும்போது பையன்கள் ஆடுபோலக் கத்துவார்கள். என் மகளும் இதைத் தொட மாட்டாள். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்களாம்." இத்தனை வருடமாக ஊருக்கு ஸ்ரேக்கும் முட்டையும் பொரித்துக் கொடுக்கிறாள். அவள் சமைக்கத் தெரிந்தவள் என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

பருப்பும் கீரையும். நான் சாப்பிட்டுக்கொண்டே அழுதேன். உருக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். இவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

கடை மணி அடித்தது. வந்தவள் ஹோட்டலில் தட்டுத் தூக்கிக்கொண்டு போன அதே பெண். "ஸ்லைஸ் தட்டு தயாரா, ஸ்டெலா?"

அந்த ஹோட்டலின் கஸ்ரட் ஸ்லைஸ் அந்தப் பக்கமெல்லாம் பேர்போனதாம். அதைச் செய்தவள் ஸ்டெலா. பாலும் ரவையும் முட்டையும் காய்ச்சி, மெல்லிய மாத்தாள்களுக்கு நடுவே ஊற்றிச் சுடும் கிரேக்க இனிப்பு. அவர்களுடைய மொழியில் அதற்கு வாய்க்குள் அடங்காத ஒரு பெயர். ஹோட்டல்காரர் சீனிப் பாகைக் குறைக்கச் சொல்லி, பெயரை எடுத்துவிட்டு, தங்களுடையது என்று பரிமாறினார்கள். தட்டு மேசையில் துணி மூடித் தயாராக இருந்தது. நானே பார்த்தேன்.

ஸ்டெலா திரைக்கு வெளியே போனாள். "உங்கள் சாப்பாடு முடிந்துவிட்டதாமே. பிறகு இனிப்பு எதற்கு?"

"ஸ்டெலா" என்றார் பீட்டர், மெதுவாக.

"ஆட்கள் காத்திருக்கிறார்கள்" என்றாள் அந்தப் பெண்.

"இவர்களும் காத்திருந்தார்கள். போய்ச் சொல்லு. இன்றைக்கும் இல்லை, இனியும் இல்லை."

அவள் திரும்பி வந்து துணியை விலக்கி, எங்களுக்குப் பெரிய துண்டுகளாக வெட்டிவைத்தாள். பாகுக் குடுவையை எடுத்து, தங்கள் கிரேக்க ஊரில் விடுகிற அளவுக்கே தாராளமாக விட்டாள். பீட்டர் சுடுதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

காரில் ஏறியதும் நான் கேட்டேன். "நீங்கள் ஏன் வாய் திறக்கேல்லை? ஆரெண்டு தெரியாத ஒரு மனிசி எங்களுக்காகக் கதைக்கிறா."

"கதைச்சு என்ன செய்யிறது? நாளைக்கு வேலை தொடங்க வேணும்."

"ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

இவர் காரைக் கிளப்பினார். மாநில எல்லையான மறே ஆற்றுப் பாலத்தை அந்தக் கோபத்தோடுதான் கடந்தோம். அதற்குப் பிறகு பல வருடங்கள் அதைப் பற்றியே பேசினோம்.

அதன் பிறகு சிட்னிக்குப் போகும்போதும் வரும்போதும் அங்கே நிற்போம். முன்னறிவித்து வந்தால் ஸ்டெலா மீன் சமைப்பாள். நான் மிளகாய்த்தூள் கொண்டுபோவேன். ஹோட்டல் அவளை மன்னிக்கவில்லை. ஹோட்டல்காரரின் ஆட்கள் கஃபேக்கு வருவதை நிறுத்தினார்கள். கிரிக்கெட் கழகத்துத் தேநீர் விருந்துகள் வேறு கடைக்குப் போயின. ஒருவரும் ஒரு வார்த்தை உரத்துப் பேசவில்லை. "கை ஓய்வாக இருக்கிறது" என்றாள் ஸ்டெலா. கஷ்டமாக இருக்கிறது என்று பீட்டர் இவரிடம் தனியாகச் சொன்னாராம். ஒரு முறை போனபோது கண்ணாடியில் பத்திரிகைத்தாள் ஒட்டியிருந்தது. மெல்பேர்ண் பக்கம் போய்விட்டார்கள் என்றார் பக்கத்துச் சலூன்காரர். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. கிரேக்கர் அதிகம் இருக்கிற இடங்களில் எல்லாம் விசாரித்தோம். முழுப்பெயரைக் கேட்டுவைக்காத நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

பிறகு நெடுஞ்சாலையை ஊருக்கு வெளியால் திருப்பினார்கள். நாங்களும் வயதான காலத்தில் சிட்னிக்கே திரும்பி வந்துவிட்டோம். கஃபே இருந்த இடத்தில் இப்போது வீடு விற்கும் கந்தோர். அந்தச் சீனக் கடையும் இல்லை. ஹோட்டல் இருக்கிறது. புதுப் பூச்சு, வாசலில் பூந்தொட்டி. சில வருடங்களுக்கு முன் அந்த ஊர்வழியே போய், அதன் பலகையில் 'எங்கள் பாரம்பரிய கஸ்ரட் ஸ்லைஸ்' என்று எழுதியிருந்ததைக் கண்டபோது நான் காரை விட்டு இறங்கப் போனேன். இவர் என் முழங்கையைப் பிடிக்கவில்லை. "போய்ச் சொல்லும். நானும் வாறன்" என்றார்.

இரண்டு பேரும் போனோம். கவுண்டரில் நின்ற இளம்பெண்ணிடம் இது ஸ்டெலா என்ற கிரேக்கப் பெண்ணின் இனிப்பு என்று இவரே சொன்னார், குரல் உயர்த்தி, கூடம் முழுக்கக் கேட்கும்படி. அவள் பணிவாகக் கேட்டுக்கொண்டு, இரண்டு துண்டு வைக்கட்டுமா என்றாள். அவள் பிறந்திருக்கவே மாட்டாள் அன்றைக்கு. நாங்கள் வெளியே வந்து எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடி காரில் கொஞ்ச நேரம் இருந்தோம்.

இவரும் இப்போது இல்லை. எனக்குத் தெரிந்த மட்டில், அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் கோபப்பட இனி நான் ஒருத்திதான் மிச்சம்.