இரண்டாவதாக வந்தவள் வாசிக்க வேண்டும்

எங்கள் காலேஜில் ஒரு வழக்கம் இருந்தது. அதைக் கொண்டுவந்த மகராசி நன்றாக இருக்கட்டும், இரண்டு வருஷம் எரிந்தது என் வயிறுதான். ஒவ்வொரு டெர்ம் பரீட்சைக்குப் பிறகும், சரித்திரத்தில் முதல் மார்க்கு வாங்கிய விடைத்தாளை வகுப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். வாசிக்க வேண்டியவள் அதை எழுதியவள் அல்ல. இரண்டாவதாக வந்தவள்.

"ஃபர்ஸ்ட் வந்தவளுக்கு அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? செகண்டு வந்தவள்தானே கற்றுக்கொள்ள வேண்டும்" என்பது எங்கள் சரித்திர மேடத்தின் நியாயம். கிருஷ்ணா ஜில்லாக்காரர். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு வேலைக்கு வந்தவர்களில் ஒருவர். பாடம் இங்கிலீஷில் நடத்துவார், திட்டுவதென்றால் தெலுங்கு. நல்ல மனுஷிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவதாக வருகிறவளின் நெஞ்சில் என்ன ஓடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கே போனாலும் முதலில் வந்தே பழகியவர் அவர்.

பெண்களுக்கான சின்ன காலேஜ் அது. யாரோ ஒரு ஜமீன்காரர் விட்டுப்போன பங்களாவில் நடந்தது. சாப்பாட்டுக் கூடமாக இருந்த இடம் எங்கள் சரித்திர வகுப்பு. சரித்திரம், பொருளாதாரம், அரசியல் மூன்றும் சேர்ந்த பி.ஏ.வில் ஒரு பெஞ்சு வரிசைக்கு மேல் ஆளில்லை. எல்லோரும் எல்லோர் மார்க்கையும் மனப்பாடமாக வைத்திருந்தோம். பாஷை வகுப்புக்கு மணி அடித்தால் தெலுங்குப் பெண்கள் கூடத்திலேயே உட்கார்ந்திருக்க, தமிழ் எடுத்த நாங்கள் ஐந்தாறு பேர் மட்டும் எழுந்து பின்கட்டு அறைக்குப் போவோம். போகும்போது என் பக்கத்தில் எப்போதும் அவள் இருப்பாள்.

அவள் திருத்தணிப் பக்கம். அப்பா ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர். நான் புத்தூர்ப் பக்கம். என் நைனாவுக்குக் கொஞ்சம் வேர்க்கடலைக் காடும் ஒரு கிணறும் உண்டு, இங்கிலீஷில் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஹாஸ்டலில் எங்களைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அவள் திருத்தணிக்காரி, நான் புத்தூர்க்காரி. அடுத்தடுத்த கட்டில். லீவுக்கு ஒரே ரயில், ரேணிகுண்டாவில் வண்டி மாறினால் முதலில் நான் இறங்குவேன். ஜன்னலோரம் மட்டும் எப்போதும் அவளுக்குத்தான் கிடைக்கும். எப்படியென்று கேட்காதீர்கள், கிடைக்கும்.

முதல் டெர்மில் நான் இரண்டாவது என்று கேட்டவுடன் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பட்டிக்காட்டுப் பெண்ணுக்கு அது கொஞ்சமா? அப்போதுதான் மேடம், "செகண்ட் எவரம்மா? இக்கட ரா" என்று கூப்பிட்டு, முதலில் வந்த திருத்தணிக்காரியின் தாளை என் கையில் கொடுத்தார். அசோகரைப் பற்றிய கேள்வி. நான் மேஜைக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். முத்து முத்தான எழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. கலிங்கத்துப் போரைப் பற்றி நான் மூன்று பக்கம் முக்கி முக்கி எழுதியிருந்ததை அவள் ஒரு பத்தியில் முடித்துவிட்டு ஜம்மென்று அடுத்ததற்குப் போயிருந்தாள். என் மூன்று பக்கத்தை மனசுக்குள்ளேயே கிழித்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். அவளோ பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு, தாவணி முனையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்த அடக்கத்தைப் பார்த்ததும் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் வந்தால் கொஞ்சம் திமிராகவாவது இருந்து தொலைக்கக் கூடாதா? திட்டுவதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

வெளியே வந்ததும் சொன்னாள், "உன் வாயில கேக்கறப்பதான்டி நான் இன்னா எழுதனேன்னே எனக்குப் புரியுது."

நக்கல் செய்கிறாள் என்றே நினைத்தேன். "போடி" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கிற கல்லுக்குப் போய் ஒரு பாவாடையை அடித்துத் துவைத்ததில் கரை கிழிந்தது.

அவள் படிப்பதைக் கண்ணால் பார்த்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். என் அம்மா கட்டிக் கொடுத்த வேர்க்கடலை உருண்டையை டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டே புஸ்தகத்தைப் புரட்டுவாள். சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவாள். வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள், அவளிடம் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான். நான் ஒவ்வொரு பாடத்தையும் உருப்போட்டுக் கண் சிவந்து எழுந்தால், அவள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த மாதிரி பளிச்சென்று எழுந்திருப்பாள். மார்க்கு வரும், அவள் முதல், நான் இரண்டாவது. மறுபடி, "செகண்ட் எவரம்மா?" இந்த ஒரு கேள்விக்கு என் கால்கள் தானாக எழுந்து நிற்கப் பழகிவிட்டன.

ஒரு தடவை வேண்டுமென்றே கெடுக்கப் பார்த்தேன். அவள் தாளைக் கமா, முற்றுப்புள்ளி எதையும் மதிக்காமல் ஒரே மூச்சில் ஓட்டினேன். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மெல்லகா, மொதட்டி நுஞ்சி" என்றார். மறுபடி முதலிலிருந்து, மெதுவாக. தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான். இரண்டு முறை வாசித்ததில் அவள் வாக்கியங்கள் எனக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அடுத்த பரீட்சையில் என்னை அறியாமலே அவளுடைய வாக்கியம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். தாள் திரும்பி வந்தபோது, மொத்தப் பத்துப் பக்கத்திலும் மேடம் அடிக்கோடு போட்டு 'நன்று' என்று எழுதியிருந்தது அந்த ஒரு வரிக்குத்தான். இந்த வயிற்றெரிச்சலை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அப்புறம் எனக்கு மார்க்கின் மேல் ஆசை போய்விட்டது. ஒன்றே ஒன்றுதான் வேண்டும் என்று இருந்தது. ஒரு முறை, ஒரே ஒரு முறை, நான் முதலில் வர வேண்டும். அவள் எழுந்து மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்று, என் தாளைக் கையில் பிடித்து, என் எழுத்தை எல்லோருக்கும் வாசிக்க வேண்டும். அப்போது அவள் காது சிவக்க வேண்டும், குரல் நடுங்க வேண்டும், அதை நான் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு, தாவணி முனையைச் சுருட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். பெருமாளுக்கே வேண்டிக்கொண்டேன். மலையடிவாரத்தில் இருந்துகொண்டு வேறு யாரிடம் கேட்பது?

இதற்கு நடுவில் எல்லை விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எந்த கிராமம் எந்தப் பக்கம் என்று பேப்பரில் தினம் ஒன்று எழுதினார்கள். ஹாஸ்டலில் தெலுங்குப் பெண்களும் நாங்களும் இரண்டு நாள் பேசாமல் இருப்போம், மூன்றாம் நாள் ஊறுகாய் கடன் கேட்டுப் பேசிவிடுவோம். கடைசியில் முடிவாயிற்று. திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்கு, எங்கள் புத்தூர் ஆந்திராவுக்கே. லீவில் போனபோது நைனாவிடம் கேட்டேன், நமக்கு வருத்தமாக இல்லையா என்று. "வருத்தப்பட்டுகினு குந்தினா கடலைய யாரு புடுங்குவா?" என்று காட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்குத்தான் வருத்தம். ராஜ்யத்துக்காக அல்ல. ஹெட்மாஸ்டர் தன் மகளை இனி மெட்ராஸ் காலேஜில் படிக்க வைக்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. அவளுடைய சித்தி வீடு அங்கே சமுத்திரத்துக்குப் பக்கத்திலாம். உட்கார்ந்த இடத்தில் அவளைத் தேடி மெட்ராஸே எல்லைக்கோட்டை நகர்த்திக்கொண்டு வந்த மாதிரி எனக்கு இருந்தது. எதிலும் முதலில் வருகிறவளுக்கு இதிலும் முதலிடமா?

"நீயும் வாயேன்டி, உங்க நைனாகிட்ட நான் பேசறேன்" என்றாள்.

"எங்க நைனா புத்தூர் சந்தையத் தாண்ட மாட்டாரு, நீ போய் சமுத்திரத்தப் பாத்துகினே படி" என்றேன். வெடுக்கென்றுதான் சொன்னேன். அவள் சிரித்தாள். அவளுக்கு எதுதான் உறைத்தது?

இரண்டாம் வருஷத்தின் கடைசிப் பரீட்சையில் விஜயநகரத்து ராஜாக்கள் தலைநகரத்தைச் சந்திரகிரிக்கு மாற்றியதைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. காலேஜிலிருந்து எங்களைச் சந்திரகிரிக் கோட்டைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். எல்லோரும் மாளிகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மதிலுக்கு வெளியே ஏர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை வைத்து எழுதினேன். ராஜா வந்து இறங்கிய அன்று இங்கிருந்த குடியானவன் ஓர் அடி எடுத்து வைக்காமலே தலைநகரத்துக்காரன் ஆனான், அன்றைக்கும் அவன் மாடு வழக்கம்போல வைக்கோல்தான் தின்றது என்று ஒரு வரி. என் இங்கிலீஷுக்கு அது அதிகம்தான். எழுதும்போதே கை பரபரத்தது.

தாள் கொடுக்கும் நாளில்தான் அவள் டி.சி. வாங்கிக்கொண்டு கிளம்புவதாக இருந்தது. காலையிலேயே படுக்கையைச் சுருட்டிக் கட்டிவிட்டாள். அவள் அப்பா பங்களா வாசலில் வேப்பமரத்தடியில் குடையோடு நின்றிருந்தார்.

மேடம் தாள்களோடு வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஃபர்ஸ்ட், புத்தூர் அம்மாயி."

காது அடைத்துவிட்டது. பெஞ்சில் யாரோ என் தொடையைக் கிள்ளினார்கள். "செகண்ட் எவரம்மா?" என்று கேட்டுவிட்டு, பட்டியலைப் பார்த்து, மேடமே சொன்னார், திருத்தணிப் பெண் என்று. அவள் இடம் காலியாக இருந்தது. ஆபீஸ் அறையில் டி.சி.க்காக நின்றுகொண்டிருந்தாள். சரி, மூன்றாவது யார் என்று மேடம் அடுத்த தாளைப் புரட்டினார்.

இரண்டு வருஷம் காத்திருந்தவளுக்கு மூன்றாவது வந்தவளா வாசிப்பது? எழுந்தேன். "மேடம், அவ இங்கதான் இருக்கா, கூட்டினு வரேன்" என்று தமிழிலேயே கத்திவிட்டு, உத்தரவுக்கு நிற்காமல் ஓடினேன். ஆபீஸ் வாசலில் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னாடி? நைனா காத்துகினு கீறாரு, வண்டிக்கு நேரமாச்சு."

"நான் ஃபர்ஸ்டு, நீ செகண்டு. வந்து வாசிச்சிட்டுப் போ."

"நெசமாவாடி!" என்றாள். அவ்வளவுதான், என்னைவிட வேகமாக ஓடி வந்தாள்.

மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். என் தாளை எடுத்தாள். நான் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை. குரல் நடுங்கவில்லை. பண்டிகைப் பலகாரத்தைத் தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி என் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று எழுதிய எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது. குடியானவன் மாடு வைக்கோல் தின்கிற இடத்துக்கு வந்ததும் பக்கென்று சிரித்துவிட்டாள். "எப்டிடி தோணுச்சு உனக்கு!" என்று வகுப்பு நடுவிலேயே என்னைக் கேட்டாள். அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். முடித்ததும் மேடம், "பாகா சதிவினாவம்மா" என்றார், அவளிடம். இரண்டு வருஷம் வாசித்த என்னிடம் ஒரு நாள்கூட நன்றாக வாசித்தாய் என்று சொன்னதில்லை.

நான் எழுதியதை அவள் வாயில் கேட்டு நான் பொறாமைப்பட்டேன். இதைவிடக் கேவலம் உண்டா? அவளுக்கு எரிய வேண்டிய நாளில் எரிந்தது எனக்கு. அவளுக்கு எரியவே இல்லை, ஒரு பொட்டு எரியவில்லை. இத்தனை நாள் நான் மூச்சிரைக்க ஓடிய பந்தயத்தில் அவள் ஓடவே இல்லை.

அதோடு விட்டாளா? தாளை நான்காக மடித்துக்கொண்டு கேட்டாள், "இத நான் எடுத்துகினு போவட்டா? எங்க நைனாகிட்ட படிச்சிக் காட்றேன்."

அவள் எழுதியவை எத்தனையோ என் கையில் வந்து போயிருக்கின்றன. ஒன்றையாவது என் நைனாவிடம் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. தர மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். என்னுடைய ஒரே முதல் மார்க்கு மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மத்தியானம் ஹாஸ்டலில் தட்டின் முன் உட்கார்ந்ததும் கண்ணீர் கொட்டிவிட்டது. சமையற்கார அம்மா சாப்பாட்டுக் கரண்டியோடு பக்கத்தில் குந்தினாள். "சினேகிதி போய்ட்டான்னு அழுவுறியா கண்ணு?"

பொறாமையில் அழுகிறேன் என்றால் எவளாவது சோறு போடுவாளா? "ஆமா" என்றேன்.

"அழுவாத. மெட்ராஸ் இன்னா சீமையா? போனா போறா வுடு. இனிமே நீதானே எல்லாத்துலயும் ஃபர்ஸ்டு."

அதுவரை தாவணி முனையில் துடைத்துக்கொண்டிருந்தவள், அதைக் கேட்டதும்தான் ஓவென்று அழுதேன்.