கரகரத்த குரலில் ஒரு ரெக்கே

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கும் சேவியர் அண்ணன் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான் என்பதால், அவர் கேசட் போட்டுப் பாடிப் பழகும் மாலைகளில் எங்கள் அலமாரியின் எவர்சில்வர் டம்ளர்கள் ‘தொம் தொம்’ என்று அதிரும். மறைமலை நகரில் வெல்டர் வேலை. சனிக்கிழமையானால் நகரத்து ஹோட்டல் ஒன்றில் ரெக்கே பாடகர். பக்கத்துத் தெருவில் தங்கிப் படித்த ஆப்பிரிக்க மாணவர்கள் தந்த கேசட்டில்தான் அந்த இசையை முதலில் கேட்டாராம். அது பிறந்த ஜமைக்கா எங்கே இருக்கிறதென்று பிறகுதான் அட்லஸில் தேடினாராம். தாளம் விழவேண்டிய இடத்தைத் தாண்டி விழுவதால் எங்கள் தெரு அதை ‘நொண்டிப் பாட்டு’ என்றது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேசலாம், பாடுவது சந்தேகம் என்றார் டாக்டர். ஹோட்டல் வேறு ஆளை வைத்துக்கொண்டது. நர்ஸாக இருந்த அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா ஒருநாள் அம்மாவிடம் சொன்னார்: “சண்ட போட்டாகூட தேவலக்கா. சும்மா குந்திகினு செவுத்தையே பாக்குறாரு. அதான் பேஜாரா கீது.”

மறு வருடம் என் அக்காவின் கல்யாண வரவேற்பன்று பெருமழை. மெல்லிசைக் குழுவின் பாடகர் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டார். அப்பா சாப்பாட்டுப் பந்தியில் இருந்த சேவியர் அண்ணனிடம் போய் நின்றார்.

“ரெண்டு பாட்டு சமாளிக்க முடியுமா, சேவியர்?”

“கொரலு கரகரன்னுதான் வரும் சார்.”

“வரட்டும்.”

கை கழுவிவிட்டு மேடையேறியவர், டிரம்ஸ்காரரிடம் தாளத்தை மெதுவாக்கச் சொன்னார். முன்பு உச்சத்துக்குப் பறந்த குரல் இப்போது தரையோடு தரையாக, சொரசொரப்பாக வந்தது. யாரும் கேட்டிராத தமிழ்ப் பாட்டு. இரவுப் பணி முடித்து முதல் ரயிலில் வீடு திரும்பும் ஒரு நர்ஸைப் பற்றியது. தாம்பூலத் தட்டோடு நின்ற ஸ்டெல்லா அக்கா மேடை வரைக்கும் வந்துவிட்டார்.

“இத எப்போ எழுதினீங்க?”

“நீ டூட்டிக்குப் போயிருந்தப்போ.”

மைக் அணைக்கப்படவில்லை, மண்டபமே கேட்டுச் சிரித்தது. ஸ்டெல்லா அக்கா தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்தக் கரகரப்பான குரலிலேயே சேவியர் அண்ணன் கல்யாணம், கல்லூரி விழா என்று இருபது வருடங்களுக்கு மேல் பாடினார். நான் வேறு ஊருக்குப் போனேன். அந்த மண்டபம் இப்போது துணிக்கடை. எங்கள் இரண்டு வீடுகளும் இருந்த இடத்தில் அடுக்குமாடி. ஸ்டெல்லா அக்காவும் இல்லை. போன மாதம் வண்டலூர் ரயில் நிலையத்தில் சேவியர் அண்ணனைப் பார்த்தபோது, இன்னும் பாடுகிறாரா என்று தயங்கித்தான் கேட்டேன்.

“ஞாயித்துக்கெழம பல்லாவரத்துல கச்சேரி கீதும்மா. வர்றியா?”

போனேன். நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடினார். எதிரே ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒருவர்கூட உட்காரவில்லை.