உடலைக் கேட்டு வந்தவர்

எழுபதுகளில் திருவண்ணாமலை பெரியாஸ்பத்திரியில் நான் குமாஸ்தா. சர்ச் உபதேசியார் ஒருவர் நோயாளிகளைப் பார்க்க அங்கே வருவார். ஒல்லி உடம்பு, தொளதொள ஜிப்பா. எதிரே பஸ் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நின்றுவிடுவார். போலீஸ் ஜீப் என்றால் கேட்கவே வேண்டாம்.

கிரிவலப் பாதையில் பிச்சையெடுத்த தொழுநோயாளி ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரியில் இறந்தபோது, உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. உபதேசியார்தான் வந்து, விசாரணைக்கு வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றார்.

"நீ யாருய்யா அவனுக்கு?"

"யாருமில்லீங்க ஐயா. அவர எங்கிட்ட குடுத்தீங்கன்னா அடக்கம் பண்ணிடுவேன்."

இன்ஸ்பெக்டர் சம்மதித்ததும், உபதேசியார் கிறிஸ்துமஸுக்கு எடுத்துவைத்திருந்த புது வேட்டியைப் பிரித்து, விரலில்லாத அந்தக் கைகளைச் சேர்த்துவைத்து உடலைத் தானே சுற்றினார்.

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா?" என்றேன்.

"பயம் ஜாஸ்திங்க. இயேசுவோட சரீரத்த அடக்கம் பண்ணாரே யோசேப்பு, அவரும் பயந்தவர்தான். ஊருக்குப் பயந்து ஒளிஞ்சுதான் சீஷரா இருந்தாரு. ஆனா சரீரத்தக் கேட்க அதிகாரிகிட்ட அவருதான போனாரு?"

உடலைத் தள்ளுவண்டியில் ஏற்றினோம். வாசலில் ஒரு சொறிநாய் படுத்திருந்தது. உபதேசியார் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அதத் தாண்டுற வரைக்கும் கூட வாங்களேன்."

கல்லறைத் தோட்டம் வரைக்கும் போனேன்.