எழுபத்தொன்பதால் வகுபட்ட எண்

ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று. இந்த எண்ணை இன்றும் என்னால் ஒரே மூச்சில் சொல்ல முடியும். ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை விடுமுறையில் ஒரு வாரம் அதோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

கொடுத்தவர் சித்தப்பா. கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, வேலைக்கு மனுப் போட்டபடி சரவணம்பட்டியில் எங்கள் வீட்டில் இருந்தார். நான் அவரைக் கேள்வி கேட்டே கொல்வேன். பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் அந்த எண்ணைத் தாளில் எழுதித் தந்து, இதை மீதியில்லாமல் வகுக்கும் எண்ணைக் கண்டுபிடித்தால் அவிநாசித் தேருக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். ஒன்றும் அதே எண்ணும் செல்லாது. செல்போன் கால்குலேட்டரைத் தொடக்கூடாது. ஒரு சலுகையும் உண்டு: ஆயிரத்துக்கு மேல் தேட வேண்டாம், அதற்குள் அகப்படாதது அப்புறமும் அகப்படாது.

அது பகா எண், அதிலும் ஆறு இலக்கப் பகா எண்களிலேயே பெரியது என்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. வகுப்பில் பாதிப் பேர் தேர் பார்த்தவர்கள். எனக்கும் பார்த்தே ஆகவேண்டும். இரண்டும் ஐந்தும் பார்த்தவுடனே போயின. இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தேழு, ஆகவே மூன்றும் போயிற்று. ஏழில் ஐந்து மிஞ்சியது, பதினொன்றில் ஆறு, பதின்மூன்றில் பத்து. நாலு, ஆறு என்று தேவையில்லாததையெல்லாம்கூட வகுத்துப் பார்த்தேன். வீடு அமைதியானது. அம்மாவே சித்தப்பாவை மெச்சினார்.

தேரன்று காலை எழுபத்தொன்பதுக்கு வந்திருந்தேன். மொய்க் கவரில் ஒட்டிக்கொண்டு வரும் ஒற்றை ரூபாய்போல ஒன்றே ஒன்று மிஞ்சியது. அழுகை வந்துவிட்டது. கடைசி வரியில் 633-இலிருந்து 632-ஐக் கழித்திருந்தேன். அந்தக் கடைசி இரண்டைப் பென்சிலால் வளைத்து மூன்றாக்கினேன். மீதியை அழித்துப் பூஜ்யம் போட்டேன்.

நோட்டோடு ஓடியபோது, சித்தப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு அம்மா முன்னால் நின்றிருந்தார். வயசுப் பையன் தனியாகத் தேருக்குப் போய் என்ன செய்யப்போகிறான் என்று அம்மா கேட்க, அவர் பதில் தேடிக்கொண்டிருந்தார். என் நோட்டை வாங்கினார். கடைசி வரியில் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"என்னங்க அண்ணி பண்றது? கொழந்தைகிட்ட வாக்குக் குடுத்துப்போட்டனுங்களே," என்றார்.

தேர் நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. சித்தப்பாவோடு கணக்குப் படித்த ஓர் அக்கா தற்செயலாக அங்கே நின்றிருந்தார். தற்செயலாக என்பது சித்தப்பா சொன்னது. அந்த அக்கா இப்போது என் சித்தி.

சித்தப்பா என் சாதனையைச் சொன்னார். எதில் வகுத்தாய் என்று அந்த அக்கா கேட்க, எழுபத்தொன்பது என்றேன். கண்ணை மூடி மனக்கணக்குப் போட்டார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தேர்ச் சக்கரத்தைப் பார்த்தார்.

"நெம்பக் கெட்டிக்காரப் புள்ளைங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு, எனக்கு இருப்பதிலேயே பெரிய பலூனாக வாங்கித் தந்தார். கொஞ்ச நேரம் தேரையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். நான் வெகுநேரம் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சித்தப்பா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. எம்.எஸ்ஸி. வரை படித்த இரண்டு பேர் ஐந்தாம் வகுப்புக்காரியிடம் இப்படி ஏமாந்துவிட்டார்களே என்று வீடு வரும்வரை அவர்களுக்காகப் பரிதாபப்பட்டேன்.